இடப்பக்கம் இல்லாத வண்டி

அந்த லாரிக்கு இடப்பக்கமே இல்லை. வலப்பக்கம் முழுசாக இருந்தது. மட்கார்டு, பானெட்டின் பக்கத் தகடு, கதவு, படிப்பலகை எல்லாம் துருவேறியிருந்தாலும் அதனதன் இடத்தில் இருந்தன. சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தால் எலும்புதான். சக்கரம் மொட்டையாக நின்றது, எஞ்சின் வெளியே தெரிந்தது, கதவு இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. வடாலாவில் ஒரு கிடங்குச் சுவரை ஒட்டிப் பல வருஷம் நிறுத்தியிருந்தார்களாம். சுவர்ப் பக்கம் யார் கையும் போக வழியில்லை. தெருப் பக்கம் இருந்ததையெல்லாம் யார் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அறுபதுகளின் நடுவில், மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அதை இன்னொரு லாரியில் கட்டி இழுத்துத் தாராவிக்குக் கொண்டு வந்தார்கள். நான் அங்கே வண்டித் தகடு தட்டும் ஒரு டிங்கர் பட்டறையில் சேர்ந்து சில வாரம் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளம், பிறகு ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கம்பம் நடும் வேலை, பிறகு பூனாவில் ஒரு கராஜ் என்று போய், டிக்கெட் இல்லாமல் பம்பாய்க்கு வந்து இறங்கியிருந்தேன். பட்டறை முதலாளி திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்த கிறிஸ்தவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான். பட்டறை என்பது ஒரு டாக்ஸி நுழையும் அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. லாரியை உள்ளே விட முடியாது. மாஹிம் ஓடைச் சேற்றை ஒட்டியிருந்த திடலில் நிறுத்தினோம்.

லாரியின் சொந்தக்காரர் மாட்டுங்காவில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்தார். பாலக்காட்டுக் குடும்பம். அவருடைய அப்பா பம்பாயில் வாங்கிய முதல் வண்டி அது. செம்பூரில் புதிதாக ஒரு கிடங்கு கட்டியிருந்தார். ஆவணி முதல் தேதி திறப்பு. அன்றைக்கு அப்பாவின் வண்டி தானே ஓடிவந்து கிடங்கு வாசலில் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. எஞ்சினை வேறு ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இல்லாத பக்கத்தை உண்டாக்குவது எங்கள் வேலை. அண்ணாச்சிக்கு டாக்ஸிகள் வந்துகொண்டிருந்ததால் அது பெரும்பாலும் என் வேலையாயிற்று.

முதல் நாளே அண்ணாச்சி சொன்னார்: "ஏல, இதைத் தெறந்து போட்டா காலையில ரேடியேட்டர் இருக்காது. வலப்பக்கத்தையும் உருவிருவானுவ. நீ எங்க கெடக்க இப்ப?"

"ஸ்டேஷன்ல அண்ணாச்சி."

"அப்ப இதுல கெட. உனக்கும் கோலி ஆச்சு, எனக்கும் காவல் ஆச்சு."

அந்தக் காலத்தில் தாராவியில் படுக்க இடம் கிடைப்பது ஊரைப் பொறுத்தது. தெற்கிலிருந்து வந்த ஒவ்வொரு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு கோலியை, அதாவது ஒற்றை அறையை, வாடகைக்குப் பிடித்திருப்பார்கள். பத்துப்பன்னிரண்டு பேர் அதில் முறைவைத்துப் படுப்பார்கள். ஊரிலிருந்து யார் புதிதாக வந்து இறங்கினாலும் அங்கே ஒரு பாய் அகலத்துக்கு உரிமை உண்டு. நான் வந்தபோது அப்படி மூன்று கோலிகளில் கேட்டுப் பார்த்தேன். எந்த ஊர் என்றார்கள். சொன்னேன். "அந்த ஊர்லேருந்து இங்க யாரும் கெடையாதே" என்றார்கள், நான் ஏதோ ஊரைக் கற்பனை செய்து சொன்ன மாதிரி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு கோலியில் சோறு போட்டே அனுப்பினார்கள். என் ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. ஒரே ஆளுக்குக் கோலி பிடிக்க முடியாது.

ஆகவே லாரியின் கேபின் எனக்குப் பெரிய இடம். சீட்டு போயிருந்தது. பலகை போட்டுக்கொண்டேன். கூரை ஒழுகவில்லை. கதவில்லாத பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன். மழை வலுத்தால் சாக்கு நனைந்து கால்மேல் ஒட்டும். மற்றபடி குறையில்லை. ஆனால் தொடக்கத்திலிருந்தே ஒன்று எனக்குத் தெரியும். கதவு வந்து, கதவுக்குப் பூட்டும் வந்துவிட்டால் காவல் தேவையில்லை. அந்தக் கதவைச் செய்யப்போகிறவன் நான்.

புதுத் தகட்டுக்குப் பெர்மிட் வேண்டியிருந்த காலம் அது. செம்பூர்ப் பக்கத்து எண்ணெய் ஆலைகளிலிருந்து கழித்துவிட்ட பீப்பாய்கள்தான் எங்களுக்குத் தகடு. பம்பாயில் தகட்டை எல்லோரும் பத்ரா என்பார்கள். பீப்பாயைக் கேஸ் வைத்து வெட்டினால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும் என்பதால் தண்ணீர் நிரப்பி, உளி வைத்து வெட்டுவோம். விரித்துத் தட்டி நேராக்கினால் பழைய லாரிக்கு ஏற்ற கனம் இருக்கும். வெயில் பட்டால் எத்தனை கழுவியும் எண்ணெய் வாடை எழும்பும்.

இல்லாத பக்கத்தை இருக்கிற பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பூனாவில் அதற்கு ஒரு வழி பார்த்திருந்தேன். வலப்பக்க மட்கார்டில் எண்ணெய் தடவி, அதன்மேல் பழைய வேட்டிக் கிழிசலும் பேப்பர்த் துண்டுகளுமாக மைதாப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டுவது. காய்ந்ததும் உரித்தால் மட்கார்டின் தோல் மாதிரி கையோடு வரும். அதை உள்வெளியாகத் திருப்பவேண்டும், ஈரச் சட்டையைக் கழற்றும்போது தானாகத் திரும்புமே, அப்படி. திருப்பியதும் அது இடப்பக்க மட்கார்டாகிவிடும். பிறகு தகட்டை மணல்மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால் அடித்துக் குழி வாங்கி, அடிக்கடி தோலைப் போர்த்திப் பார்த்து, எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி அடிக்க வேண்டும். அடித்தால் நடுத்தகடு விரியும், ஓரம் சுருங்க மறுக்கும். ஓரத்தைச் சூடு காட்டி மடித்து மடித்துத்தான் சுருக்க முடியும்.

முதலில் செய்த தோலைக் காயவைத்திருந்தபோது ஓர் ஆடு வந்து பாதியைத் தின்றுவிட்டது. மைதா வாசனை அதற்குப் பிடித்திருக்க வேண்டும். அண்ணாச்சி நாள் முழுவதும் டாக்ஸிக்காரர்களிடம் அதையே சொல்லிச் சிரித்தார். "எங்க பட்டறையில ஆடு மட்கார்டு திங்குது. இரும்பு தின்ன ஆரம்பிச்சா வேலை சுலபம்." இரண்டாவது தோலைக் கேபினுக்குள் என் பக்கத்திலேயே வைத்துக் காயவைத்தேன்.

உரித்த தோலில் ஒரு விஷயம் தெரிந்தது. மட்கார்டின் முன்வளைவில், விளக்குக்குக் கொஞ்சம் வெளியே, ஒரு கையகலத்துக்குச் சப்பையாக இருந்தது. பெயிண்டின் மேல் பார்த்தால் கண்ணுக்குப் படாது. தடவினால்தான் தெரியும். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவரும் தடவிப் பார்த்தார். "வெள்ளக்காரன் செஞ்சதுல்லா. காரணமில்லாம வைப்பானா? வெளக்கு வெளிச்சம் அடிச்சுக் கண்ணு கூசப்பிடாதுன்னு வச்சிருப்பான். அப்படியே எடு."

எனக்கும் அது சரியென்று பட்டது. வட்டமாக வருகிற இடத்தில் சப்பையை உண்டாக்குவது கஷ்டம். அந்தக் கையகலத்துக்காகவே பல நாள் வேலை செய்தேன். முடிந்தபோது தோல் தகட்டின்மேல் ஒட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. அன்றைக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. அண்ணாச்சி ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். திடலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் மட்கார்டைக் காட்டவா முடியும்? சேற்றுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மாட்டுங்காக்காரர் ஒருநாள் வேலையைப் பார்க்க வந்தார். கூடவே அந்த லாரியை முன்பு ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரையும் அழைத்து வந்தார். டிரைவர் எங்கள் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், இப்போது செம்பூரில் ஒரு கம்பெனி வண்டி ஓட்டினார். வந்தவர் நேரே வண்டியைச் சுற்றினார். புது மட்கார்டின் முன்னால் நின்று கையை வைத்தார். மறுபக்கம் போனார். திரும்பி வந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"தம்பி, இந்தச் சப்பை இங்க எப்படி வந்துச்சு?"

"அந்தப் பக்கம் இருக்குல்லா அண்ணே. அதைப் பாத்துத்தான் எடுத்தேன்."

"அந்தப் பக்கம் இருக்கது நான் இடிச்சதுல்லா."

அண்ணாச்சி கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்தார். "என்ன சொல்லுதீரு?"

"வடாலா ரயில்வே கேட்டுல. ஒரு கையில கடலை, ஒரு கையில ஸ்டீரிங். கம்பத்துல கொண்டுபோயிச் சாத்திட்டேன். பெரிய மொதலாளி கொஞ்ச நாளு எங்கூடப் பேசவே இல்ல. பெறவு ஒரு டிங்கர் பாய் தட்டிக் குடுத்தாரு. முழுசா எந்திரிக்கல, மேல பட்டி பூசி மூடிட்டாரு." என்னைப் பார்த்தார். "நானாவது ஒரு பக்கந்தான் இடிச்சேன். தம்பி மறுபக்கத்தையும் இடிச்சிட்டாரு. அதுவும் கடலை திங்காமலே."

மாட்டுங்காக்காரருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தீர்மானமாகச் சொன்னார்: "அப்பா வாங்கிண்டு வந்தப்போ எப்படி இருந்துதோ, அப்படி வேணும். இடிச்சதெல்லாம் வேண்டாம். ரெண்டையும் எடுத்துடுங்கோ."

"நாளாகும் சாமி" என்றார் அண்ணாச்சி.

"ஆகட்டும். ஆனா ஆவணி ஒண்ணு நமக்காக நிக்காது, பாத்துக்கோங்கோ."

அவர்கள் போனபிறகு அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏல, வேணும்னே செஞ்சியா? மட்கார்டு முடிஞ்சா கதவு, கதவு முடிஞ்சா கோலி போயிருமேன்னு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்ல அண்ணாச்சி."

அது உண்மை. ஆனால் அந்த மனிதர் 'ரெண்டையும் எடுத்துடுங்கோ' என்று சொன்னபோது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததும் உண்மை. அது என் முகத்தில் தெரிந்திருக்கும். அண்ணாச்சி அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். மழை வந்ததால் உள்ளே போய்விட்டார். அவர் சொன்னது பொய்யாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன். பாதி பொய்யாக இருந்ததால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வேகமாக வேலை செய்தேன். பழைய மட்கார்டின் சப்பையை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. அந்தப் பாய் போட்ட பட்டியைச் சுரண்டி, அடியில் இரும்புக் கட்டை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினேன். நான் உண்டாக்கிய சப்பையைச் சீக்கிரம் எழுப்பிவிட்டேன். எங்கே எத்தனை அடி போட்டேன் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

கதவுக்குத் தோல் எடுப்பதற்கு முன்னால் டிரைவரை மறுபடி வரச் சொல்லி ஆள் விட்டேன். இனி இருக்கிற பக்கத்தை நம்புவதாக இல்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டியோடு வந்தார். ஒரு சாக்பீஸைக் கொடுத்து, எது வண்டியோடு பிறந்தது, எது பிறகு வந்தது என்று குறித்துக் கொடுக்கச் சொன்னேன். வலக்கதவின் முன்னால் குந்திக்கொண்டு வட்டம் போட ஆரம்பித்தார்.

"இது உப்பு வண்டி மாடு முட்டினது. இது, பாரு, பெரிய மொதலாளி மோதிரம் பட்ட எடம். எங்கேயாவது நின்னா எறங்கி வந்து, எம்பக்கம் நின்னு கதவைத் தட்டிக்கிட்டே பேசுவாரு. இது என்னன்னு தெரியல. இல்ல, தெரியும். கிளீனரு கோவத்துல ஒதைச்சது. இது..." அதற்கு மட்டும் வட்டம் போட்டதோடு அடுத்ததுக்கு நகர்ந்துவிட்டார்.

முடிந்தபோது கதவில் வெள்ளை வட்டங்கள் நிறைந்திருந்தன. நான் செய்யப்போகிற கதவில் அதில் ஒன்றும் வரக்கூடாது. டிரைவர் எழுந்து இடப்பக்கம் வந்து கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். பலகையும் சுருட்டிய படுக்கையும் கண்ணில் பட்டன.

"இங்கயா கெடக்க?"

"ஆமா அண்ணே."

"நானும் கெடந்திருக்கேன். தெற்கே லோடு போனா இதுலதான். ஆனா கூட கிளீனர் உண்டு. அவன் ஓயாம பேசுவான். வாயை மூடுலன்னு வைவேன்." பலகையை ஒருதரம் அழுத்திப் பார்த்தார். "ஒத்தையில கெடந்ததில்ல."

டீ குடிக்கப் போகலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்.

கதவு நன்றாக வந்தது. சொன்னால் பெருமையாகத் தெரியும், ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ கதவு செய்திருக்கிறேன், அப்படி ஒன்று வரவில்லை. வெளித்தகடு ஒரே துண்டு. கண்ணாடி இறங்கும் வழியில் ஒரு கீறல் சத்தம்கூட இல்லை. கீலில் மாட்டித் தள்ளிவிட்டால் தானாகப் போய் மெல்ல அடைந்தது. அண்ணாச்சி நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தார். அன்றைக்குச் சொன்னதற்கு ஈடாக ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "வேலைக்காரன்ல நீ" என்று மட்டும் சொன்னார்.

பச்சைப் பெயிண்ட் அடித்துக் காய்ந்ததும் மாட்டுங்காக்காரர் வந்தார். சோர் பஜாரில் தேடிப் பிடித்த பழைய கைப்பிடி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார், பூட்டோடு சேர்ந்தது. அதைப் பொருத்திக் கொடுத்தேன். வலக்கதவை உள்ளே தாழ் போட்டாகிவிட்டது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. அவர் இடக்கதவை மூடினார். சாவியைத் திருப்பினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். "அப்பா இருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணாச்சியோடு பேசியபடியே டாக்ஸி நிற்கிற இடத்துக்குப் போனார்.

என் படுக்கை உள்ளே இருந்தது. மாற்றுச் சட்டை, தட்டு, சோப்பு, எல்லாம். கண்ணாடி வழியே பார்த்தால் தெரிந்தது. அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றவன், டாக்ஸி கிளம்பும் வரை நின்றுவிட்டேன். கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

அண்ணாச்சி திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "கீல் ஆணியைத் தட்டி எடுத்துரு. நீ மாட்டுனதுதான." எடுத்திருக்கலாம். ஆனால் பெயிண்ட் உரியும். கதவு ஒருதடவை கழன்றால் பழையபடி உட்காராது. நான் மாட்டுங்காவுக்கு நடந்தேன். ரயில் பாலத்தைத் தாண்டினால் அவ்வளவு தூரமில்லை.

கடையில் கூட்டம். அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஓரமாக நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும்பா?" என்றார். அடையாளம் தெரியவில்லை. அதில் தப்பில்லை. என்னை அவர் எப்போதும் குனிந்த முதுகாகத்தான் பார்த்திருக்கிறார்.

"லாரிப் பட்டறையிலேருந்து வாரேன். சாவி வேணும். உள்ள படுக்கை மாட்டிக்கிச்சு."

"படுக்கையா? யாரோடது?"

"என்னோடது. காவலுக்குக் கெடந்தேன்."

"அதுலயா? மழையிலயா இத்தனை நாளும்?" முகம் சட்டென்று மாறியது. அண்ணாச்சி சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மூட்டைக்காரன் ஒருவன் கணக்குக் கேட்டுக்கொண்டு நடுவில் வந்தான். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு, சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "எடுத்துண்டு, நன்னாப் பூட்டிட்டு, உங்க அண்ணாச்சிகிட்ட கொடுத்துடு. ஆவணி ஒண்ணுக்கு நீயும் வரணும், என்ன? செம்பூர்ல சாப்பாடு."

"வாரேன்" என்றேன்.

செம்பூர்க் கிடங்குக்கு ஒரு காவலாள் வேண்டியிருந்திருக்கும். அது எனக்கு நடந்து திரும்பும்போதுதான் தோன்றியது. அவர் கேட்டிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கதவைத் திறந்து படுக்கையையும் சாமான்களையும் எடுத்தேன். பலகையையும் எடுத்துவிட்டுத் தரையைச் சாக்கால் துடைத்தேன். கதவை மூடிப் பூட்டினேன். இழுத்துப் பார்க்கவில்லை. அண்ணாச்சி ஒரு டாக்ஸிக்கு அடியில் படுத்திருந்தார். சாவியை வாங்கக் கையை மட்டும் வெளியே நீட்டினார்.

"எங்க போற?"

"பாக்கணும் அண்ணாச்சி."

"இன்னிக்கு இங்க டாக்ஸிக்குள்ள கெட. காலை மடக்கிக்கிட்டு."

"இல்ல. போறேன்."

"நாளைக்கு வேலைக்கு வா" என்றார். சரி என்றேன். இரண்டு நாள் போனேன். சாயங்காலம் ஆனால் எல்லோரும் அவரவர் கோலிக்குப் போவார்கள். லாரி பூட்டிக்கொண்டு திடலில் நிற்கும். அதைத் தாண்டித்தான் நான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மூன்றாம் நாள் போகவில்லை. காட்கோபரில் சாலையோரம் தார்ப்பாய் கட்டி டிங்கர் வேலை செய்கிற ஒரு பஞ்சாபியிடம் கேட்டேன். கையைக் காட்டச் சொன்னார், காட்டினேன், சேர்த்துக்கொண்டார்.

ஆவணி முதல் தேதி அங்கேதான் இருந்தேன். ஒரு டாக்ஸிக்குப் பின்கதவு தட்டிக்கொண்டிருந்தேன். செம்பூர் அங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அன்றைக்கு மழை இல்லை. லாரி பச்சைப் பெயிண்ட் நனையாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.